வாசகர் கேள்வி – பதில்: மகளும் தோழிகளும் மாடி வெயிலும்

கேள்வி: என் மகளுக்கு வயது 14. அவளும் எங்கள் தெருவிலேயே இருக்கும் மூன்று தோழிகளும் கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். நால்வர் கையிலும் கைப்பேசி. ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டேன், ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். வெளியே எங்காவது அழைத்துச் சென்றால், நான் உடன் வருவதே அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது. அதிகச் செலவில்லாமல், அவர்களே விரும்பிச் செய்யும்படியாக ஏதாவது சொல்வீர்களா? – ஒரு வாசகி, தாம்பரம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஓவிய வகுப்பை அவர்கள் விட்டதில் எனக்கு வியப்பில்லை. பள்ளி மூடிய மறுநாளே இன்னொரு பள்ளியில் உட்கார வைத்தால் எந்தப் பிள்ளைதான் உட்காரும்? இந்த வயதில் அவர்களுக்கு வேண்டியது ஆசிரியர் அல்லர். முடிவு என்னவாகும் என்று தெரியாத ஒரு வேலையும், அதைக் கெடுத்துக்கொள்ளும் உரிமையும்தான்.

உங்கள் வீட்டு மாடியையே அதற்குப் பயன்படுத்தலாம். மஞ்சள்தூளைக் கொண்டு வெயிலில் படம் எடுக்கும் முறை ஒன்று உண்டு. தாவரச் சாறுகளின் நிறம் ஒளியில் வெளுப்பதை ஆராய்ந்து, அவற்றைக் கொண்டு படம் பதிக்க முடியும் என்று ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீர் போன்ற சானிடைசரில் கலக்கி, துணியில் வடிகட்டி, கெட்டியான வரைதாளில் தூரிகையால் பூசி, இருட்டான அறையில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஒரு முருங்கை இணுக்கையோ வேப்பிலைக் கொத்தையோ வைத்து, பழைய புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் விட்டால், சில மணி நேரத்தில் வெளிப்பட்ட இடமெல்லாம் வெளுத்து, இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். பிறகு ஆப்ப சோடா கரைத்த நீரை மேலே தடவினால் அந்த மஞ்சள் செம்பழுப்பாக மாறும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீர் சுண்ணாம்பு பட்டுச் சிவக்கிறதே, அதே வேதியியல்தான் இதுவும். முதல் இரண்டு தாள்கள் பெரும்பாலும் பாழாகும். அப்போது நீங்கள் மாடிக்குப் போகாமல் இருப்பது நல்லது. சானிடைசர் எளிதில் தீப்பற்றும் என்பதால், கலக்கும் வேலையை அடுப்படியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இலையோடு இது நின்றுவிட வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் கறுப்பு மார்க்கரால் வரைந்த கோட்டோவியத்தையும் இதே போல் வெயிலில் பதிக்கலாம். வெளியே போவதற்கு ஒரு காரணம் இங்கேதான் கிடைக்கிறது: பதிப்பதற்குப் படம் வேண்டுமே! தாம்பரத்திலிருந்து பேருந்தில் மாமல்லபுரம் போய் வரட்டும். ஏறக்குறைய 30 மீட்டர் நீளமுள்ள அருச்சுனன் தபசுப் பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக அதன்மேல் விழும்போது உருவங்கள் தெளிவாகத் தெரியும், மே மாதத்து வெக்கைக்கும் முந்திக்கொள்ளலாம். பெரிய யானைகளை எல்லோரும் பார்ப்பார்கள். முன்னங்கால்களை மேலே தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் தேடச் சொல்லுங்கள். நால்வரும் ஆளுக்கோர் உருவத்தைப் பென்சிலால் வரைய வேண்டும். வரைந்து முடிக்கும் வரை கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்ற விதியை நீங்கள் சொல்லாமல் அவர்களையே போட்டுக்கொள்ளச் செய்தால், அதை மீற மாட்டார்கள்.

உங்கள் சங்கடத்துக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனம் வராது, அனுப்பவும் சொல்லவில்லை. எந்தப் பேருந்து, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஒரு தொகையைக் கையில் கொடுத்து, மீதியை அவர்களே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். மற்ற மூன்று தாய்மாரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அங்கே போனதும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு மர நிழலில் நீங்கள் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடலாம். கடலில் இறங்குவதில்லை, குறித்த நேரத்தில் உங்களிடம் திரும்பி வருவது என்ற இரண்டைத் தவிர வேறு நிபந்தனை வேண்டாம். பூனை சரியாக வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிடாதீர்கள். என் மகளிடம் அந்தத் தவற்றைச் செய்து, திரும்பும் வழியெல்லாம் பேச்சில்லாமல் வந்தவள் நான்.

அடுத்த பயணத்துக்கு முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவும் (1996இல் திறக்கப்பட்டது, தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள்), எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடமும் ஏற்றவை. முன்னதற்குச் செவ்வாய், பின்னதற்கு வெள்ளி விடுமுறை.

மஞ்சளில் பதித்த படங்கள் வெளிச்சத்தில் இருந்தால் நாளடைவில் மங்கும். சுவரில் மாட்டாமல் நோட்டுப் புத்தகத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். சட்டையில் பட்ட கறை சோப்புப் போட்டதும் சிவந்து உங்களைப் பதற வைக்கும். நன்றாக அலசி, இரண்டு நாள் அதே மாடியில் காயப் போடுங்கள். படத்தை வெளுத்த வெயில் கறையையும் வெளுத்துவிடும்.