லினக்ஸ் கணினிக்குப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுபோனதால் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். ‘இதில் வைரஸே வராது’ என்று சொல்லித்தான் என்னை மாற வைத்தார்கள். இப்போதோ லினக்ஸைத் தாக்கும் மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) பெருகுகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. இணைய உதவிக் குழுவொன்றில் அறிமுகமான ஒருவர், ஆண்டுச் சந்தாவில் ‘பாதுகாப்புத் தொகுப்பு’ ஒன்று தருவதாகவும், தொலைவிலிருந்தே என் கணினிக்குள் வந்து நிறுவிவிடுவதாகவும் சொல்கிறார். வங்கி வேலைகளையும் இதில்தான் செய்கிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அந்த மனிதரைக் கணினிக்குள்ளும் விடாதீர்கள். இன்றைக்கு உங்கள் கணினிக்கு இருக்கும் ஆகப் பெரிய அபாயம் அவர்தான்.

‘வைரஸே வராது’ என்பது என்றைக்குமே உண்மையாக இருந்ததில்லை. லினக்ஸுக்கான முதல் வைரஸ்கள் 1996, 1997-ஆம் ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிட்டன. லினக்ஸ் மால்வேர் பெருகிவருவதும் மெய்தான். ஆனால் அந்தச் செய்திகளில் தலைப்போடு நின்றுவிடாமல், தாக்கப்பட்டது எது என்று பாருங்கள். பெரும்பாலும் இணையத்தை நோக்கித் திறந்து கிடக்கும் சர்வர்கள் (பிறருக்குச் சேவை தரும் கணினிகள்), ரவுட்டர்கள், கண்காணிப்புக் கேமராக்கள். இவற்றில் பலவும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2016-இல் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்களைப் பலருக்கும் எட்டாமல் செய்த, மிராய் என்ற மால்வேரின் தாக்குதல் இப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டுதான் நடந்தது. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். மிராய் அதைப் போட்டு உள்ளே நுழைந்தது, அவ்வளவுதான். கருவியை விற்றுவிட்டு அப்டேட் கொடுக்க மறந்துபோகும் நிறுவனங்களைத் தட்டிக் கேட்பவர்கள் குறைவு. பயம் மட்டும் உங்களைப் போன்றவர்களிடம் விற்கப்படுகிறது.

மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவருக்குத் தீங்கு வேறு வழியில் வருகிறது. அவரே தம் கையால் நிறுவுகிறார். ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் என்ற மென்பொருளின் கதையைக் கேளுங்கள். அதன் தளத்துக்குப் போன லினக்ஸ் பயனர்களில் சிலர் மட்டும் வேறொரு முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டு, நஞ்சு கலந்த ‘டெப்’ கோப்பை (லினக்ஸில் மென்பொருளை நிறுவும் கோப்பு) பெற்றார்கள். 2020 முதல் 2022 வரை இது நடந்திருக்கிறது. காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சொல்லித்தான் 2023 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. சேமித்த கடவுச்சொற்கள், உலாவல் வரலாறு, கிரிப்டோ வாலட் கோப்புகள் எல்லாவற்றையும் அது திரட்டி அனுப்பியது.

‘நிர்வாகி கடவுச்சொல் கேட்குமே, அது காப்பாற்றாதா?’ என்பீர்கள். லினக்ஸ் அபிமானிகள் சொல்லத் தயங்கும் உண்மை ஒன்று உண்டு: வங்கித் தளத்தில் நீங்கள் நுழைந்திருப்பதற்கான அடையாளக் கோப்பான குக்கீயும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் உங்கள் ஹோம் கோப்புறையில்தான் இருக்கின்றன. அவற்றைப் படிக்க நிர்வாகி அனுமதி தேவையில்லை. உங்கள் பெயரில் ஓடும் எந்த நிரலும் படிக்கலாம்.

ஆகவே நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதைத்தான்: இணையத்தில் கண்ட ஒற்றை வரிக் கட்டளையை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சாளரத்தில் ஒட்டாதீர்கள். ஒரு தளத்திலிருந்து ஸ்கிரிப்ட்டை இறக்கி, யாரும் படித்துப் பார்க்குமுன்பே நிர்வாகி உரிமையோடு ஓடவிடும் வரிகள் இருக்கின்றனவே, அவற்றை மன்றங்களில் வாரி வழங்குகிறார்கள். பெயர் பெற்ற திட்டங்களே தங்கள் முகப்பில் ‘இதை ஒட்டினால் போதும்’ என்று எழுதி வைத்திருக்கின்றன. பயனருக்குக் கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்புணர்வு பற்றி உபதேசம் செய்வது எந்த ஊர் நியாயம்? தேடுபொறியில் மேலே நிற்கும் விளம்பர இணைப்பும் அப்படித்தான். அசலைப் போலவே போலித் தளம் அமைக்கிறார்கள். மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் கிடைப்பதை மட்டும் நிறுவுங்கள். அதிலும், யார் வெளியிட்டது என்று சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளை (ஒருவகை மென்பொருள் பொதிகள்) 22-ஆம் பதிப்பு இயல்பாகவே மறைத்து வைத்திருக்கிறது. அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

சர்வர்களைப் பற்றிய செய்திகள் மேசைக் கணினிக்குப் பொருந்தாது என்பதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு; அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வீட்டுக் கணினியை இயக்குவதற்காக எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவுச் சர்வரை நிறுவி, ரவுட்டரிலும் அதற்கு வழி திறந்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் மேசைக் கணினியும் சர்வர்தான். மேலே சொன்ன செய்திகள் அனைத்தும் உங்களுக்கும் பொருந்தும். அந்த வாசலைத் தேடித் தானியங்கி நிரல்கள் இணையத்தைச் சலித்துக்கொண்டே இருக்கின்றன. கிடைத்துவிட்டால் ஓயாமல் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கும். மின்ட் இந்தச் சர்வரைத் தானாக நிறுவுவதில்லை. ஆனால் ‘உதவ’ வந்தவர் நிறுவிவிட்டுப் போயிருக்கலாம். மென்பொருள் மேலாளரில் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர் என்று தேடுங்கள். நிறுவப்பட்டதாகக் காட்டினால், தேவை இல்லாத பட்சத்தில் நீக்குங்கள். தேவை என்றால் கடவுச்சொல் நுழைவை அணைத்துச் சாவிக்கோப்பால் (கடவுச்சொல்லுக்குப் பதிலான ரகசியக் கோப்பு) மட்டும் நுழையும்படி மாற்றுங்கள். வீட்டுக்கு வெளியிலிருந்து நுழையும் தேவை இல்லையென்றால் ரவுட்டரில் திறந்த வழியையும் மூடுங்கள். இதைச் செய்யத் தெரியாதவர் சர்வரை வைத்திருக்கவே வேண்டாம்.

எக்ஸ்இசட் விவகாரத்தைச் சொல்லியும் சிலர் பயமுறுத்துவார்கள். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் புறவாசல் (ரகசிய நுழைவு வழி) வைக்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. மின்ட்டின் நிலைப்பதிப்புகளை அது எட்டவில்லை. அதைப் பிடித்தது எந்த ஆன்டிவைரஸும் அல்ல. எஸ்எஸ்ஹெச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு உறுத்தலோடு தோண்டிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். உலகமே சார்ந்திருக்கும் கருவியைச் சம்பளமின்றிப் பெரும்பாலும் ஒற்றை ஆளாகப் பராமரித்துவந்தவரிடம், உதவுவதாகச் சொல்லி நெருங்கித்தான் அந்தப் புறவாசல் வைக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் அந்த உழைப்பை இலவசமாகவே எடுத்துக்கொண்டிருந்தன.

ஆன்டிவைரஸ் இருந்தால்தான் மனம் அடங்கும் என்றால் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பும் கோப்பில் விண்டோஸ் வைரஸ் இருந்தால் பிடிக்க அது உதவும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். அப்டேட் மேலாளரின் விருப்பங்களில் தானியங்கி அப்டேட்டை இயக்கிவையுங்கள். உங்கள் உலாவியில் வங்கிக்குத் தனியாக ஒரு புரொஃபைல் வைத்து, அதில் நீட்சி (உலாவியில் சேர்க்கும் துணை நிரல்) எதையும் சேர்க்காமல் விடுங்கள்.

அந்த ஆளை ஏற்கெனவே ஒருமுறை உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் ஸ்கேன் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றி, எல்லா அமர்வுகளிலிருந்தும் வெளியேறுங்கள். வங்கிக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். பிறகு ஆவணங்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு மின்ட்டைப் புதிதாக நிறுவுங்கள். நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கியதும், அது அசல்தானா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபாருங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் சொந்தத் தளத்திலேயே ஊடுருவி, மாற்றியமைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டிருந்தார்கள்.