பிடிப்பது கட்டாயம் சரி, கொடுப்பது? மருத்துவக் காப்பீடு: கேள்வி பதில்

பன்னிரண்டு வருடம் நான் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உட்கார்ந்தவன். நோயாளி வந்ததும் அட்டையை வாங்கிப் பார்த்து, கம்பெனிக்கு அனுமதி கேட்டு அனுப்பிவிட்டு, "அப்ரூவல் வந்துட்டா?" என்று நாலு பக்கமிருந்தும் வரும் கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்கிற வேலை. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, அவள் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் காப்பீட்டுக்கென்று போய்விடும். அதனால் மேசையின் இந்தப் பக்கமும் தெரியும், அந்தப் பக்கமும் தெரியும். எல்லோரையும் கட்டாயமாகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டுமா, அந்தக் காசை அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்தால் என்ன என்று தக்கலை டீக்கடை வரைக்கும் வாதம் ஓடுகிறது. வந்த கேள்விகளில் எனக்குப் பதில் தெரிந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (தக்கலை, ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி): எனக்கு 27 வயது, காய்ச்சல் வந்தே மூன்று வருடம் ஆச்சு. நான் எதுக்கு அண்ணே கட்டாயமா காசு கட்டணும்?

மக்கா, உங்கள் ஊரில் மரண சகாய நிதி இருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலிருந்தும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது யோசி, "எங்கள் வீட்டில் வயசானவர்கள் யாரும் இல்லை, வரும்போது சேர்ந்துகொள்கிறேன்" என்று வாலிபப் பிள்ளைகள் உள்ள வீடெல்லாம் விலகிவிட்டால் மிச்சம் இருப்பது யார்? படுக்கையில் ஆள் கிடக்கிற வீடுகள் மட்டும். வீட்டுக்கு வீடு பிரிக்கிற வரி கூடும், கூடியதும் இன்னும் நாலு வீடு கழலும், ரெண்டாம் வருடம் நிதியே இருக்காது. காப்பீட்டில் கட்டாயம் என்று சொல்வதன் காரணம் இவ்வளவுதான். 1883-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளிகளுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது முதல் இந்தக் கணக்கு மாறவே இல்லை.

கட்டாயம் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. காசு பிடிக்கிறது கட்டாயமாகவும் சிகிச்சைக்குக் கொடுக்கிறது கம்பெனி, ஆஸ்பத்திரி மனசுப்படியும் இருப்பதில்தான் சண்டை. இனி வரும் பதில்களிலும் சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அதே தம்பி): அமெரிக்காவிலேயே இதைக் கைவிட்டுட்டாங்களே?

முழுக்கக் கைவிடவில்லை. 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தில், காப்பீடு எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும் என்று இருந்தது. வழக்கு போட்டார்கள், 2012-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஒரு வரி மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி நிற்கவிட்டது. பிறகு 2017-ல் ட்ரம்ப் ஆட்சியில் வந்த வரிச் சட்டம் அபராதத்தைச் சுழியம் ஆக்கியது, 2019 முதல் நடப்பு. சட்டத்தின் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. அங்கே அரசாங்கம் வாங்கச் சொல்வது தனியார் பாலிசியை. நம் ஊரில் பேசப்படுவது அரசே பிரீமியம் கட்டுகிற, அல்லது சம்பளத்தில் பிடிக்கிற திட்டங்களை. ரெண்டையும் ஒரே தராசில் போட்டால் முள் நேராக நிற்காது.

கேள்வி (இரணியல், ஆசிரியை): மாசம் 300 ரூபாய் பிடிக்கிறாங்க. ஆபரேஷனுக்குப் போனா பாதிதான் கிடைக்குது. வேண்டாம்னு எழுதிக்கொடுக்க வழி உண்டா?

இல்லை டீச்சர். அரசு ஊழியர் என்றால் தானாகச் சேர்ந்தது. 2021 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 300, நாலு வருடத்துக்கு 14,400 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை, சில பெரிய நோய்களுக்குப் பத்து லட்சம் வரை. 2022-ல் வந்த ஓய்வூதியர் திட்டத்தில் பிடித்தம் 497 ரூபாய். எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் 2022-ல் அரசு ஊழியர் காப்பீடான மெடிசெப் வந்தபோது மாதம் 500 பிடித்து வருடத்துக்கு மூன்று லட்சம் என்றார்கள். காகிதத்தில் நம்முடையது மட்டம் இல்லை.

காகிதத்தில்தான். என் மனைவிக்குப் பித்தப்பைக் கல். ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து காசு கட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று காலையில் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், முத்திரையும் கையெழுத்தும் கிடையாது. அதில் பேனாவால் "கிளிப், மற்றவை – 38,000". நான் இதே தொழிலில் இருக்கிறவன் என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது. "தம்பி, இந்த 'மற்றவை'யைப் பிரித்து, லெட்டர்பேடில் போட்டுத் தாருங்கள், கட்டிவிடுகிறேன்" என்றேன். உள்ளே போனவன் ரெண்டு மணி நேரம் கழித்து வந்தான், தொகை 11,000 ஆகியிருந்தது. அச்சடித்த பில்லே கேட்கத் தெரியாத மனுஷன் அங்கே நின்றிருந்தால் 38,000 போயிருக்கும், வீட்டு நகை வங்கிக்குப் போயிருக்கும்.

ஆகவே டீச்சர், வெளியே வர வழி கேட்பதைவிட, திட்டத்தில் உள்ள மருத்துவமனை மேல்காசு வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுக்க வைக்கவும் பட்டியலிலிருந்து தூக்கவும் வழி கேளுங்கள். சங்கங்கள் பிடித்தத் தொகையைப் பற்றிப் பேசுகிற சத்தத்தில் கால்வாசி இதற்குக் கொடுத்தால் போதும். இன்னொன்று, ஆபீஸ் உதவியாளருக்கும் 300, பெரிய அதிகாரிக்கும் 300. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. சம்பளத்துக்கு ஏற்ப விழுக்காட்டில் பிடிக்கலாம், அப்படிப் பிடிக்கிற திட்டம் நம் ஊரிலேயே இருக்கிறது, அடுத்த கேள்வியில் வருகிறது பாருங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம் பக்கம், முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் அக்கா): அண்டி ஆபீசில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்க. அது இருக்கும்போது முதலமைச்சர் அட்டை எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை அக்கா. முதலமைச்சர் அட்டைக்கு அரசே பிரீமியம் கட்டுகிறது, அது படுக்கையில் சேர்ந்து செய்கிற சிகிச்சைக்கும் சில பரிசோதனைகளுக்கும்தான். என்னைக் கேட்டால் ஈ.எஸ்.ஐ.தான் இந்த நாட்டில் இருப்பதிலேயே முழுசான காப்பீடு, அதை நாம் மதிப்பதே இல்லை. 1948-ல் வந்த சட்டம். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்குக் கட்டாயம். உங்கள் சம்பளத்தில் 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு. பத்தாயிரம் வாங்கினால் உங்களிடமிருந்து 75 ரூபாய், அவரிடமிருந்து 325. அன்றாடக் கூலி சராசரியாக 176 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் பங்கே கிடையாது. இதற்குத் தலைவலி மாத்திரை முதல் பெரிய ஆபரேஷன் வரை உண்டு. முக்கியமாக, நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கையில் வரும், பிரசவத்துக்கு 26 வாரம். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு தருகிற காப்பீடு வேறு எது இருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நோய்க்காலப் பணம் கிடைக்க, ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாளாவது உங்களுக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும். தோட்டண்டி (ஓடு உடைக்காத முந்திரி) வரத்து இல்லை என்று ஆலையைப் பாதி நாள் பூட்டிப் போடுகிற வருடங்களில் இந்த 78 எட்டாது. வேலை செய்த நாளையே குறைத்து எழுதுகிற இடங்களும் உண்டு. உங்கள் நாளை நீங்களே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணை வைத்துப் பிள்ளைகளைக் கொண்டு இணையத்தில் சரிபார்க்கலாம்.

கேள்வி (குலசேகரம், கொத்தனார்): வருமானம் 1,20,000-க்கு மேலே இருக்குன்னு சொல்லி அட்டை இல்லைன்னுட்டாங்க. தனியார் பாலிசி எடுக்க வசதி இல்லை. நான் யாரு கணக்குல வாரேன்?

யார் கணக்கிலும் வரமாட்டீர்கள், அண்ணாச்சி. பிரச்சினையே அங்கேதான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோதும் 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனபோதும் வருமான வரம்பு வருடத்துக்கு 72,000. பிறகு 1,20,000 ஆக்கினார்கள். 2018-ல் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபோது தொகை ஐந்து லட்சம் ஆனது. நல்லதுதான், ஆனால் 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம். நம் மாவட்டத்தில் கொத்தனாரோ ரப்பர் பால் வெட்டுகிறவரோ ஒழுங்காக வேலைக்குப் போனால் இதைத் தாண்டிவிடுவார், தாண்டினாலும் ஒரு மாரடைப்பைத் தாங்குகிற நிலைக்கு வந்துவிட மாட்டார். இப்படி நடுவில் விடுபட்டவர்கள் மக்கள்தொகையில் சுமார் 30 விழுக்காடு, அதாவது நாற்பது கோடிப் பேர் என்று மத்திய அரசின் நிதி ஆயோக்கே 2021-ல் ஓர் அறிக்கையில் சொன்னது.

கட்டாயக் காப்பீடு என்று ஒன்று வருமானால் முதலில் வர வேண்டியது உங்களுக்காகத்தான். வரம்புக்கு மேலே உள்ளவர் ஒரு சின்னத் தொகை, மிச்சத்தை அரசு. இப்போதைக்கு, வருமானச் சான்று வாங்கும்போது மழைக்காலத்தில் வேலையில்லாத மாதங்களையும் சேர்த்து வருடக் கணக்கைச் சொல்லுங்கள். நல்ல நாள் கூலியை 365-ஆல் பெருக்கி நீங்களே அதிகமாகச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நிறைய, நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (குளச்சல், அம்மா): மகன் துபாயில். அங்கே இன்சூரன்ஸ் இல்லாம விசாவே இல்லையாமே, செலவு அவன் தலையிலா?

இல்லை அம்மா, அங்கே வேலைக்கு வைத்தவர்தான் கட்ட வேண்டும். அபுதாபியிலும் துபாயிலும் முன்பே இருந்தது, 2025 ஜனவரி முதல் மற்ற அமீரகங்களிலும் தனியார் துறைக்கு வந்துவிட்டது. அந்த மற்ற அமீரகங்களில் அடிப்படைப் பாலிசி வருடத்துக்கு 320 திர்ஹாம் என்று தொடங்கினார்கள். மகன் சம்பளத்தில் பிரீமியத்தைப் பிடிக்கிறார்கள் என்றால் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி (நாகர்கோவில், ஓய்வுபெற்ற செவிலியர்): காப்பீட்டுக்குக் கொட்டுற பணத்தை ஆசாரிபள்ளம் மாதிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்தா தனியாருக்கு எதுக்குப் போகணும்?

சிஸ்டர், உங்கள் பக்கம் பாதி நான். அரசு மருத்துவமனை பலவீனமான ஊரில் காப்பீட்டு அட்டை என்பது தனியார் வாசலில் காட்டுகிற நுழைவுச் சீட்டு மட்டும்தான், உள்ளே விலையை அவர்கள் சொல்வார்கள். பக்கத்தில் நல்ல அரசு ஆஸ்பத்திரி இருந்தால்தான் தனியாரும் அடக்கி வாசிப்பார். மீதிப் பாதியில் ஏன் உங்களோடு இல்லை என்றால், அரசு மருத்துவமனையும் இந்தத் திட்டத்தில் கிளெய்ம் போட்டுப் பணம் வாங்குகிறது. அதில் ஒரு பங்கு ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை, மீதி மருத்துவமனைக்குக் கருவி, மருந்து என்று போகிறது. இது உங்களுக்கே தெரியும். பட்ஜெட்டில் வருவதற்குக் காத்திருக்காமல் செய்த வேலைக்குப் பணம் வருகிறது. கிளெய்ம் போட ஆள் இல்லாமல் அப்படியே விட்டுவிடுகிற கேஸ்கள் இருக்கின்றனவே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கேள்வி (அருமனை): சுகர் மாத்திரைக்கு அட்டை செல்லுமா?

செல்லாது. படுக்கையில் சேர்ந்து செய்கிற சிகிச்சைக்கும் குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும்தான். ஆனால் நம் வீடுகளில் காசு கரைவது மாதாமாதம் மாத்திரையில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கேள்வி (களியக்காவிளை): விபத்துக்கு 48 மணி நேரம் இலவசம்ங்கிறது எல்லோருக்குமா?

எல்லோருக்கும். வருமானம் கேட்கமாட்டார்கள், எந்த ஊர்க்காரர் என்றும் கேட்கமாட்டார்கள். 2021 டிசம்பரில் ஒரு லட்சம் என்று தொடங்கி, பின்பு ரெண்டு லட்சம் ஆக்கினார்கள். விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் விழுந்தால் கணக்கில் வராது.

கேள்வி (தூத்தூர், மீனவர் வீட்டு அம்மா): அவரு ஆழ்கடலுக்குப் போய் இருபது நாள் ஆச்சு. அட்டை அவரு பேர்ல. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். போதாக்குறைக்கு ஆதாரில் அவங்க பேரோட கடைசியில் "பாய்" இருக்கு, ரேஷன் கார்டில் "பாய்" இல்லை.

அவர் வர வேண்டாம், அட்டையில் மாமியார் பெயர் இருந்தால் போதும். அட்டை கையில் இல்லாவிட்டாலும் ரேஷன் அட்டை எண்ணைப் போட்டுத் தேடி எடுத்துவிடலாம்.

இந்த "பாய்" தலைவலி இருக்கிறதே, நம் மாவட்டத்து மேசைகளில் இதைப் பார்க்காத நாளே கிடையாது. பாதிப் பாட்டிமாருக்கு ஒரு இடத்தில் பாய் உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை. பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார், மூன்று அட்டையில் மூன்று பெயர். கம்பெனிக்காரன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இது வேறு ஆள் என்று திருப்பி அனுப்புவான். பதற வேண்டாம். பிறந்த வருடமும் முகவரியும் ஒத்துப்போனால், ரெண்டும் ஒரே ஆள்தான் என்று வி.ஏ.ஓ.விடம் எழுதி வாங்கி, ஆதாரோடு சேர்த்துக் காப்பீட்டு மேசையில் கொடுங்கள். மேசையில் உள்ளவர் சுணங்கினால் 1800 425 3993-க்கு நீங்களே கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. மாமியாரை முதலில் சேர்த்துவிடுங்கள். "பாய்" நாளைக்கு வரட்டும்.