மூடி போட்ட வாளி போதாதா?

கேள்வி: என் இரண்டாவது குழந்தைக்கு ஒன்பது மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மூத்தவனுக்கு நான்கு வயது. பாத்ரூமில் வாளித் தண்ணீர் வைக்காதே என்கிறார்கள். எங்களுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர். பிடித்து வைக்காமல் என்ன செய்வது? மூடி போட்டால் போதாதா?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: போதாதும்மா. பிளாஸ்டிக் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருப்பதுதானே? குழந்தை கையை ஊன்றினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். தண்ணீர் பிடிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர் வரும் போலிருக்கிறது. பாத்ரூம் கதவின் வெளிப்பக்கம், உங்கள் தோள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடியுங்கள். அகல வாய் வாளிதான் எமன். இந்த வயதில் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புறப் போய்விடும். கை ஊன்றி எழப் பலம் கிடையாது. நிறைந்த வாளி சாயவும் சாயாது. மூக்கும் வாயும் முங்கினால் போதும், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அழுகைச் சத்தம் கேட்டு ஓடலாம் என்று இருக்காதீர்கள். சத்தமே வராது.

இரண்டாவது குழந்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 1983 முதல் 1991 வரையிலான பிறப்பு, இறப்புப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தாய் சின்ன வயதுக்காரி, படிப்பு குறைவு, வீட்டில் ஏற்கெனவே குழந்தைகள் உண்டு என்ற இடங்களில் கைக்குழந்தைகள் காயங்களால் இறப்பது கூடுதலாக இருந்தது. இதைத் தாயின் குற்றமாக நான் படிக்கவில்லை. இருப்பது இரண்டு கை. அதனால் மாமியாரிடமோ கணவரிடமோ, "இப்போது குழந்தை யார் பொறுப்பு" என்பதை வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். மூத்தவனிடம் மட்டும் "பாப்பாவைப் பார்த்துக்கோ" வேண்டாம். அவன் பாசத்தோடு ஒரு நிலக்கடலையை ஊட்டிவிடுவான்! அவனுடைய கோலிக்குண்டு, காசு, பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி எல்லாம் பரண்மேல் போகட்டும். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கைக்குழந்தைக்குத் தொண்டை அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் திணறினால், தலை தாழ முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பகுதியால் 5 தட்டு. பிறகு மல்லாத்தி, மார்பு நடுவில் ஒரு உள்ளங்கை அடிப்பகுதியால் 5 அழுத்தம். வெளிவரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.