ரத்தக்குழாயை அடைத்தால் சிறுநீரகம் செயலிழந்துவிடுமா?

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 46. முதுகுப்புறம் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை அகற்றினார்கள். பத்தாம் நாள் சிறுநீர் சிவந்து, ரத்தக் கட்டிகள் வெளியேறின. நேற்று சற்றுத் தெளிந்திருக்கிறது. தொடை வழியே குழாய் செலுத்தி, ரத்தம் கசியும் தமனியை அடைக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். அதனால் சிறுநீரகம் கெட்டுவிடாதா? அறுவைசிகிச்சையே மேல் அல்லவா? அண்ணன் இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்.

பதில்: நேற்று சிறுநீர் தெளிந்ததை வைத்து ஆறுதல் அடைந்துவிடாதீர்கள். கல்லை எடுக்கத் துளையிடும்போது தமனியின் கிளை ஒன்று காயப்பட்டால், அதன் சுவருக்கு வெளியே ரத்தம் சிறு பை போலத் தேங்கி நிற்கும். அந்தப் பையின் வாயை மூடியிருக்கும் ரத்தக் கட்டி கரையும்போதெல்லாம் அது சிறுநீர்ப் பாதைக்குள் கசியும். அதனால்தான் இவ்வகை ரத்தப்போக்கு நாள்கள் கழித்துத் தொடங்குகிறது. நின்று நின்றும் வருகிறது.

உங்கள் அச்சத்தில் பாதி உண்மை இருக்கிறது. சிறுநீரகத் தமனி மரம் போலக் கிளைத்தாலும், அந்தக் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஆகவே ஒரு கிளையை அடைத்தால் அது ஊட்டிவந்த பகுதி மடிந்துபோகும். இதை அறிந்தே, ரத்தக்குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படத்தில் கசிவிடத்தைக் கண்டறிந்து, மிக மெல்லிய குழாயைக் காயம்பட்ட நுனிக்கிளை வரை கொண்டுசென்று, பிளாட்டினச் சுருளாலோ மருத்துவப் பசையாலோ அதை மட்டும் அடைக்கிறார்கள். இழப்பு பெரும்பாலும் சிறிய பகுதியோடு நின்றுவிடும். மாறாக, ரத்தம் பெருகும் சிறுநீரகத்தைத் திறந்து அந்த நுண்கிளையைத் தேடுவது எளிதன்று. சில வேளைகளில் சிறுநீரகத்தையே எடுக்க நேர்கிறது. சிறுநீரகத்தைக் காக்க வேண்டும் என்பதே உங்கள் நோக்கமென்றால், உங்கள் மருத்துவர் சொல்லும் வழியே பொருத்தமானது.

பொதுவாகத் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும். அண்ணன் விழித்தே இருப்பார். சாயம் செலுத்தும்போது உடல் சூடாவது போலத் தோன்றும். தொடை வழியே செய்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மடிந்த திசுவால் ஓரிரு நாள் விலாப்புற வலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். பழைய ரத்தம் வெளியேறுவதால் சிறுநீர் பழுப்பாகவும் இருக்கலாம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினாலோ, புதுச் சிவப்பு ரத்தம் வந்தாலோ தெரிவியுங்கள். சிலருக்கு இரண்டாம் முறை அடைக்க வேண்டியிருக்கும். சிகிச்சை நடப்பதற்கு முன்பே தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு தோன்றினாலும், கட்டி அடைத்துச் சிறுநீர் பிரியாமல் போனாலும் அது அவசரநிலை. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சாயம் சிறுநீரகத்துக்குச் சுமை தரக்கூடியது என்பதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். முன்பு எப்போதாவது ஸ்கேன் சாயத்தால் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து; அதை நீங்களாக நிறுத்தவோ தொடரவோ வேண்டாம். இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் பொருத்தியிருந்தால் ஆஸ்பிரினை நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு. இன்றே கேட்டு, இதய மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் கலந்து சொல்கிறபடி செய்யுங்கள்.