மீன் செவுள் புண்ணில் தெரியும் பாக்டீரியா தட்டில் ஏன் வளர்வதில்லை? வளர்ந்ததை எப்படிக் காப்பது?

செவுளில் மஞ்சள் நிற அழுகல் இருப்பதாகவும், நுண்ணோக்கியில் நீண்ட மெல்லிய பாக்டீரியாக்கள் நெளிந்து ஊர்வதாகவும், ஆனால் டிரிப்டிக் சோயா அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் சத்து மிகுந்த கூழ்ம ஊடகம்) வேறு ஏதோதான் வளர்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கொலம்னாரிஸ் நோயை உண்டாக்கும் ஃபிளாவோபாக்டீரியம் கொலம்னேராக இருக்கும்.

சத்து மிகுந்த ஊடகம் அதற்கு ஒத்துவருவதில்லை. அதே புண்ணில் இருக்கும் ஏரோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா அதில் ஒரே இரவில் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும். எனவே லிட்டருக்கு டிரிப்டோனும் ஈஸ்ட் சாறும் தலா 0.5 கிராம், சோடியம் அசிட்டேட்டும் மாட்டிறைச்சிச் சாறும் தலா 0.2 கிராம் மட்டுமே கொண்ட அனாக்கர்-ஓர்டால் ஊடகத்தை, சுமார் 1 சதவீத அகாரோடு தயாரியுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் டோப்ராமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சேர்த்தால் ஏரோமோனாஸின் தொல்லை வெகுவாகக் குறையும். தட்டு புதிதாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் இந்தப் பாக்டீரியா அகாரின் மேல் ஊர்ந்து பரவும் இயல்புடையது. இறந்து நேரமான மீனைத் தவிர்த்து, சாகும் தறுவாயில் உள்ள மீனின் புண் ஓரத்திலிருந்து மாதிரி எடுங்கள்.

28 டிகிரி செல்சியஸில் இரண்டு நாளில், வேர் பரப்பியது போன்ற ஓரமுடைய தட்டையான மஞ்சள் காலனிகள் (பாக்டீரியாக் கூட்டங்கள்) தெரியும். கம்பி வளையத்தால் சுரண்டினால் எளிதில் பெயராமல் அகாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 20 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால், ஃபிளெக்சிருபின் நிறமி இருப்பதால் மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும். இந்த அடையாளங்கள் ஒரு வலுவான தடயம்தான். இனத்தை உறுதிசெய்ய அதன் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை தேவை.

பாதுகாப்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள் என்பது என் கருத்து. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வேர் வடிவம் மறைந்து, நோய் உண்டாக்கும் திறனையும் அந்தப் பாக்டீரியா இழந்துவிடக்கூடும். அதன்பின் அதை வைத்துச் செய்யும் தடுப்பூசி ஆய்வு எதற்கும் பொருள் இருக்காது. ஆகவே தூய வளர்ப்பு கிடைத்தவுடனேயே, திரவ ஊடகத்தில் நன்கு வளரும் நிலையில் 20 சதவீத கிளிசரால் சேர்த்து, பல சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒருமுறை உருகிய குப்பியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். அந்த உறைபெட்டி வசதி இல்லையென்றால், உறையவைத்து உலர்த்தும் முறையைப் பயன்படுத்தலாம்.

ஏரோமோனாஸ் மனிதரின் காயத்திலும் தொற்றக்கூடியது என்பதால் கையுறை அவசியம். பயன்படுத்திய தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமிநீக்கம்) செய்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.