பிளவுஸ் பிட்டை எடுக்கும் முன் இல்லத்துக்கு ஒரு போன்

கேள்வி: எங்கள் ஊரில் பெண் குழந்தைகள் இல்லம் ஒன்று இருக்கிறது. 5 வயதிலிருந்து 14 வயது வரை சுமார் 30 பிள்ளைகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். தையல் மிஷினும் நேரமும் இருக்கின்றன. பீரோ நிறைய பிளவுஸ் பிட், பழைய காட்டன் புடவை. தீபாவளிக்கு என் கையால் தைத்துக் கொடுக்க ஆசை. என்ன தைக்கலாம், எப்படிக் கொடுக்கலாம்?

பதில்: நல்ல ஆசை, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் பீரோவை இப்போது திறக்க வேண்டாம். கையில் இருக்கும் துணியைப் பார்த்து ஆரம்பித்தால் அந்தத் துணியில் எது வருமோ அதைத்தான் தைப்போம். பிள்ளைகளுக்கு எது வேண்டுமோ அது விட்டுப்போகும். முதலில் இல்லத்துக்கு ஒரு போன் போடுங்கள். அங்கே பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் அம்மாவிடம் இரண்டு கேள்வி போதும்: எது நிறைய இருக்கிறது? எது அடிக்கடி கிழிகிறது?

பள்ளிச் சீருடை தைக்க நினைத்தால் விட்டுவிடுங்கள். அரசுப் பள்ளிகளில் 8-ஆம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 4 செட் விலையில்லாச் சீருடை கிடைக்கிறது. தீபாவளி சமயத்தில் பளபளவென்று கவுனும் பாவாடையும் கொண்டுவர ஆட்கள் இருப்பார்கள். யாரும் நினைத்துப் பார்க்காதது ராத்திரி போட்டுக்கொள்ளும் உடையும் உள்ளே போடும் சிம்மிஸும்தான். அதனால் என் யோசனை: ஆளுக்கு ஒரு பைஜாமா பேண்ட், அதோடு ஒரு சின்ன ஜிப் பை. சிம்மிஸ் தைக்கவும் கை வந்தால் இல்லத்தில் மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

அளவு விஷயத்தில் வயதை நம்பக் கூடாது. ஒரே வயதுப் பிள்ளைகள் இருவருக்குள் இடுப்பு 3 அங்குலம் வித்தியாசப்படும். இல்லத்தில் இருப்பவர்களே டேப் வைத்து இடுப்பு, சீட் (உட்காரும் இடத்தின் சுற்றளவு), இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உயரம் என மூன்று அளவு மட்டும் எழுதித் தரட்டும். அதற்கு நேரம் இல்லை என்றால், சரியாகப் பொருந்துகிற பேண்ட் ஒன்றிரண்டை ஒரு நாளைக்கு வாங்கிவந்து தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள்.

இப்போது துணி. 44 அங்குல அகல காட்டன் கேம்ப்ரிக் (நெருக்கமாக நெய்த மெல்லிய காட்டன்) வாங்குங்கள். சீட் 28 அங்குலம் வரை உள்ள பிள்ளைக்கு இரண்டு காலும் அந்த அகலத்தில் பக்கத்தில் பக்கமாக அடங்கிவிடும். உயரம் 28 என்றால் மேல் பட்டிக்கும் கீழ் மடிப்புக்கும் சேர்த்து 32, சுருக்கத்துக்கும் விட்டு ஒரு மீட்டர் எடுத்தால் தாராளம். 36 அங்குலப் பாப்லின் விலை குறைவு என்று வாங்கினால் ஒரு கால்தான் அடங்கும், மீட்டர் இரட்டிப்பாகும், கடைசியில் அதுவே செலவு அதிகம். பெரிய பெண்களுக்கு 44 அங்குலத்திலும் இரட்டை நீளம் வேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டர், சாட்டின் பக்கம் போகவே வேண்டாம். போடப்போவது தீபாவளி நேரத்தில். பட்டாசுப் பொறி பட்டால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். ரொம்பத் தடிமனான காட்டனும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் 30 பேர் துணி கொடியில் தொங்கும்போது மெல்லிய துணிதான் மறுநாளைக்குள் காயும்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் தண்ணீரில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டுவிடுங்கள். இதைத் தவிர்த்தால் தைத்த பேண்ட் முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். ஈரமாக இருக்கும்போதே வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் சாயம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். அங்கே 30 பேர் துணியும் ஒரே தொட்டியில் ஊறும். ஒரு சிவப்புப் பேண்ட் எல்லாப் பள்ளிச் சட்டையையும் கெடுத்துவிடும்.

தைக்கும் விதத்தில்தான் நான் மிகவும் பிடிவாதம். விடுதித் துணி வீட்டுத் துணியைவிட அதிகம் அடிபடும்: கல்லில் அடிப்பார்கள், முறுக்கிப் பிழிவார்கள். 14-ஆம் நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல் போடுங்கள். முதலில் கிழிவது இரண்டு காலும் சேரும் சீட் வளைவுதான். அங்கே இரண்டு தையல், ஒன்றுக்கொன்று கால் அங்குலம் தள்ளி. ஓரங்களை ஓவர்லாக் செய்யுங்கள், அல்லது மடித்துத் தையுங்கள். பிசிறு தெரியக் கூடாது. கீழே 3 அங்குல மடிப்பு விட்டு, பெரிய தையலாகப் போடுங்கள். அடுத்த வருடம் அந்தப் பிள்ளை வளர்ந்ததும் யாராவது எளிதாகப் பிரித்து இறக்கிவிடலாம்.

இடுப்புக்கு முக்கால் அங்குல எலாஸ்டிக். இடுப்பு அளவைவிட 2 அங்குலம் குறைத்து வெட்டி, முனைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தையுங்கள். கோர்த்த பிறகு நான்கு இடத்தில் பட்டியோடு சேர்த்து ஒரு தையல் போட்டால் உள்ளே முறுக்கிக்கொள்ளாது. அப்புறம் ஒன்று, பலர் விட்டுவிடுவது: பட்டியின் உள்பக்கம், பின்னால், காஜா அளவுக்கு ஒரு வாய் விடுங்கள். துணி நன்றாக இருக்கும்போதே எலாஸ்டிக் தளர்ந்துபோகும். அந்த வாய் இருந்தால் நாலு தையலைப் பிரித்து, சேஃப்டி பின்னில் புது எலாஸ்டிக் கோர்த்து முடித்துவிடலாம். இல்லையென்றால் நல்ல பேண்ட் தரை துடைக்கப் போகும். அதே இடத்தில் ஒரு துண்டு நாடா வைத்துத் தைத்தால் 5 வயதுப் பிள்ளைக்கும் எது பின்பக்கம் என்று தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கு வெளியே தொங்கும் கயிறு, கழுத்தில் முடிச்சு எதுவும் வைக்காதீர்கள். ஊஞ்சலிலோ சறுக்கு மரத்திலோ மாட்டினால் ஆபத்து. கையில் கொஞ்சம் துணி மீந்தாலும் பக்கத்தில் ஒரு ஜேபி வையுங்கள். இல்லத்தில் வளரும் பிள்ளைக்குத் தன்னுடையது என்று ஒரு பொருளை வைத்துக்கொள்ள இடம் குறைவு.

முதலில் ஒன்றே ஒன்று தையுங்கள். அதை ஒரு பிள்ளை ஒரு வாரம் போட்டு, துவைத்துப் பார்க்கட்டும். எங்கே இறுக்குகிறது, எது பிரிகிறது என்று கேட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள்.

சரி, பீரோவுக்கு வருவோம். பழைய புடவையை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் குறுக்கே இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் போடும் உடைக்கு ஆகாது. தாங்கினாலும் பண்டிகைப் பரிசின் வெளிப்பக்கம் புதுத் துணியாகவே இருக்கட்டும். இல்லத்துப் பிள்ளைகளுக்கு அடுத்தவர் உடுத்திய துணி ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். பிளவுஸ் பிட்டை அந்த ஜிப் பைக்கு வெளியிலும், புடவையை உள் லைனிங்குக்கும் போடுங்கள். 7-க்கு 5 அங்குலம் போதும். சின்னவர்கள் பென்சிலும் ரப்பரும் வைப்பார்கள். வயதுக்கு வந்த பெண்கள் பள்ளிக்கு நாப்கின் எடுத்துப்போக இதைவிடக் கண்ணியமான வழி இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பை என்பதால் யார் பையில் என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஜரிகை பார்டரை வெட்டி எடுத்துவிடுங்கள், கையைக் கீறும்.

துணி எடுக்கும்போது ஒரே தானில் 30 பேருக்கும் எடுக்காதீர்கள். ஐந்தாறு டிசைன் கலந்து எடுங்கள். கூட்டமாக வெளியே போகும்போது இல்லத்துப் பிள்ளை என்று உடையே காட்டிக்கொடுக்கக் கூடாது. உங்கள் பெயரோ இல்லத்தின் பெயரோ எதிலும் வேண்டாம். பைகளில் ஐந்து கூடுதலாகத் தைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் பாயில் பரப்பி அவர்களே எடுக்கும்போது, கடைசியில் வரும் பிள்ளைக்கும் தேர்ந்தெடுக்க ஆறு இருக்கும்.

கொடுக்கும் முன், அந்த இல்லம் சிறார் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். நல்ல இல்லத்தில் சான்றிதழைக் காட்டுவார்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். பிள்ளைகளோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பேண்ட் வாங்கிக்கொண்டதற்காக அந்தப் பிள்ளை முகத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. தைத்த துணியை மடித்து வைத்து அதைப் போட்டோ எடுங்கள்.

எடுத்துப்போகும் முந்தின இரவு ஒவ்வொன்றையும் உள்ளே வெளியே திருப்பித் தடவிப் பாருங்கள். ஆரம்பத்தில் எத்தனை குண்டூசி எடுத்தீர்களோ அத்தனையும் டப்பாவில் திரும்ப இருக்க வேண்டும். தை மாதம் பிறந்ததும் இன்னொரு போன் போட்டு எது பிரிந்தது, யாருக்குப் பற்றவில்லை என்று கேளுங்கள். பழுது பார்க்க வேண்டியதை வாங்கிவந்து தைத்துக் கொடுத்துவிட்டு, ஜூனில் பள்ளி திறக்கும் முன் என்ன வேண்டும் என்ற பட்டியலையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.