டாக்டரிடம் கேளுங்கள்: வாய் திறந்து தூங்கும் பையன்

கேள்வி: என் 5 வயது மகன் வாயைத் திறந்தபடியே தூங்குகிறான், குறட்டை வேறு. அடினாய்டு வீக்கம், ஆபரேஷன் தேவைப்படலாம் என்கிறார் டாக்டர். மாமியாரோ, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவருமே சரிதான், அம்மா. மூக்கின் பின்னால் இருக்கும் இந்தச் சதை பெரும்பாலும் பதின்வயதுக்குள் தானாகச் சுருங்கிவிடும். அதுவரை காத்திருக்கலாமா என்பதைப் பையனின் தூக்கமும் காதும்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், அப்புறம் திணறி இழுக்கிறானா? போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நானும் பெற்றோரிடம் இதைத்தான் கேட்பேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். மூச்சு நின்று திணறினாலோ, காதில் நீர் மாதக்கணக்கில் வடியாமல் இருந்தாலோ ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். மயக்கம் கொடுத்து வாய் வழியாகவே எடுப்போம். வெளியே தையல் கிடையாது.

இந்தத் தொல்லைகள் இல்லையென்றால், டாக்டர் சொல்லும் அளவில் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைச் சில வாரம் போட்டுப் பார்க்கலாம். ஸ்டீராய்டு என்றதும் மாமியார் பதறுவார். இதில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. பலர் மூக்கின் நடுத்தண்டில் அடித்து ரத்தம் வரவைத்துவிடுகிறார்கள். தலையைச் சற்றுக் குனியவைத்து, எந்த மூக்குத் துவாரத்தில் அடிக்கிறீர்களோ அதே பக்கக் காதை நோக்கி ஸ்பிரே நுனியைச் சாய்த்து அடியுங்கள்.